சரக்கு வந்ததுங்களா?

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். மோல்டிங் மணல் போடுகிறவர் போன் செய்து, "ஏனுங்க, உங்க செக் திரும்பி வந்துருச்சுங்க" என்றார். இத்தனை வருடத் தொழிலில் என் செக் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. கணக்கில் பணமும் இருந்தது. ஏதோ கையெழுத்துக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு பேங்க்குக்குப் போனேன்.

மேனேஜர் ஒன்றும் பேசாமல் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். மேலே டிஆர்சி-13 என்று இருந்தது. வணிகவரித் துறை பேங்க்குக்கு எழுதிய கடிதம். நான் கட்ட வேண்டிய வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 9,28,000 சொச்சம். என் கணக்கில் இருக்கும் பணத்தை அரசுக்குக் கட்டிவிடச் சொல்லி உத்தரவு. நடுவில் இருப்பது வெள்ளிக்கிழமை ஒரே நாள். அதற்கடுத்த சனிக்கிழமை எங்களுக்குக் கூலி நாள்.

எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு சின்ன பவுண்டரி. பம்ப் பாடி, இம்பெல்லர் வார்த்துக் கொடுக்கிறோம். ஐநூறு கிலோ இண்டக்ஷன் உலை ஒன்று, ஆட்கள் 26 பேர். வரி ஏய்க்கிற அளவுக்குப் பெரிய தொழிலும் இல்லை, அந்தச் சாமர்த்தியமும் எனக்கு இல்லை. அதனால் அந்தத் தாளைப் பார்த்ததும் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். ஆர்டர் எப்போது போட்டார்கள்? அதற்கு முன்னால் நோட்டீஸ் வந்திருக்க வேண்டுமே?

வந்திருந்தது. 2024 மே மாதக் கடைசியில் டிஆர்சி-01 நோட்டீஸ். பிறகு ஹியரிங்குக்கு மூன்று தேதிகள். ஆகஸ்ட் 23 அன்று டிஆர்சி-07 ஆர்டர். எல்லாமே ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏறியிருக்கின்றன. மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் போயிருக்கின்றன, ஆனால் எனக்கல்ல. 2017-இல் ஜிஎஸ்டி பதிவு எடுத்தபோது அப்போதைய ஆடிட்டர் தன் ஆபீஸ் மெயிலையும் தன் பையனின் மொபைல் நம்பரையும் கொடுத்துப் பதிந்திருந்தார். 2021-இல் நான் வேறு ஆடிட்டரிடம் மாறினேன். பாஸ்வேர்டை வாங்கினேன், மெயிலையும் நம்பரையும் மாற்றத் தோன்றவில்லை. புது ஆடிட்டர் மாதாமாதம் ரிட்டர்ன் போட மட்டும் உள்ளே போவார். 'அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்' என்று ஒரு மெனு தனியாக இருப்பதை அவர் திறந்ததே இல்லை. அவரை மட்டும் சொல்லி என்ன, நானும்தான் பார்க்கவில்லை. இந்த வரியை வாசித்துக்கொண்டிருப்பவர் தொழில் செய்பவராக இருந்தால், மீதியை அப்புறம் வாசிக்கலாம். முதலில் உங்கள் போர்ட்டலில் யாருடைய மெயில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ஆபீஸில் தெரிந்த ஆள் இருக்கிறார், பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். ஆர்டர் போர்ட்டலில் ஏறியபிறகு பேசி முடிக்க அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. பேசுகிறவருக்குக் கொடுக்கும் பணம்தான் தண்டம். பணத்தைக் கட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாக இரு என்றார் இன்னொருவர். மச்சான்தான் காரியமாக ஒன்று செய்தார். சனிக்கிழமைக் கூலிக்கு 1,20,000 கையில் கொடுத்துவிட்டு, "நாளைக்குக் காலையில ஒரு வக்கீலப் போய்ப் பாருங்க மாமா, ஆடிட்டரையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஆடிட்டரும் வக்கீலும் ஒரே வேலையைச் செய்பவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சட்டப்படியும் ஜிஎஸ்டி மேல்முறையீடு வரைக்கும் ஆடிட்டர், காஸ்ட் அக்கவுண்டன்ட், ஜிஎஸ்டி பிராக்டீஷனர், ஏன், நம் சொந்தக்காரர் அல்லது நம்மிடம் நிரந்தரமாக வேலை செய்பவர்கூட நமக்காக ஆஜராகலாம். உயர் நீதிமன்றத்தில் நமக்காக ஆஜராக வக்கீல்தான் வேண்டும். கணக்குத் தப்பு, ரிட்டர்னில் எண் மாறியது போன்ற விஷயமென்றால் நல்ல ஆடிட்டரே போதும். ஆனால் ஆர்டர் வந்து, நாள் ஓடி, பேங்க்கும் முடங்கிய பிறகு எந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது, எதில் நுழைந்தால் எது மூடிக்கொள்ளும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கண் வேறு.

வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். விற்பனை வரிக் காலத்திலிருந்து இதே வேலை. நான் என் சோகக்கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "ஆர்டர் தேதி சொல்லுங்க." சொன்னேன். காலண்டரைப் பார்த்தார். "மேல்முறையீட்டுக்கு மூணு மாசம். நவம்பர் 23-ஓட முடிஞ்சுது. தகுந்த காரணம் இருந்தா இன்னும் ஒரு மாசம் தரலாம்னு ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 107 சொல்லுது. டிசம்பர் 23. அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் அந்த அதிகாரிக்கே ஏத்துக்க அதிகாரமில்லைங்க. இன்னிக்குத் தேதி 13. பத்து நாள் இருக்கு." இவ்வளவையும் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான், "இப்ப சொல்லுங்க, சரக்கு வந்ததுங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஆர்டரை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார்.

விவகாரம் 2019-20ஆம் வருடத்தது. குறிச்சிப் பக்கம் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் 2019 டிசம்பர், 2020 ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதங்களும் வார்ப்பிரும்பு ஸ்கிராப் வாங்கினேன். மொத்தம் 27 லட்சம். 18 சதவீத வரி 4,86,000. அதை அவருக்குக் கொடுத்தேன், உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டேன், அதாவது நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டேன். அவர் பில் விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் ஏற்றிவிட்டார், அதனால் வாங்கியவருக்குக் காட்டும் 2ஏ பட்டியலில் எனக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் பணத்தைக் கட்டும் 3பி ரிட்டர்னை அவர் போடவில்லை என்றது ஆர்டர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அப்புறம் அந்தக் குடோன் திறக்கவே இல்லை. 2021-இல் துறை அவருடைய பதிவை ரத்து செய்தது, அதுவும் 2019 டிசம்பர் 1-லிருந்து என்று பின்தேதியிட்டு.

நோட்டீஸில் இருந்தது இரண்டே காரணம்: விற்றவர் 3பி போடவில்லை, விற்றவரின் பதிவு ரத்து. ஆர்டரில் மூன்றாவதாக ஒரு வரி முளைத்திருந்தது: 'சரக்கு உண்மையில் வந்ததற்கு ஆதாரம் இல்லை.' வக்கீலம்மா அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டார். நோட்டீஸில் சொல்லாத காரணத்தை வைத்து ஆர்டர் போடக் கூடாது என்று பிரிவு 75(7) சொல்கிறதாம். "இது நமக்கு ஒரு பிடி. ஆனா இதை மட்டும் நம்பி நிக்கக் கூடாதுங்க. சரக்கு வந்ததுன்னு நிரூபிக்கிற பொறுப்பு, வரியை எடுத்துக்கிட்டவர் மேலதான். பிரிவு 155."

என்னிடம் பில் இருக்கிறது, பேங்க் மூலம் பணம் கொடுத்திருக்கிறேன், அது போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். 2023 மார்ச்சில் கர்நாடகத்துக் காபி வியாபாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. அது பழைய வாட் சட்டத்தில் வந்த தீர்ப்பு. ஆனாலும் பில்லும் செக்கும் மட்டும் காட்டினால் ஆகாது, எந்த வண்டியில் வந்தது, வாடகை யார் கொடுத்தது, யார் இறக்கி வாங்கினார்கள் என்று காட்ட வேண்டும் என்ற அந்த வாசகத்தை இன்று ஜிஎஸ்டி ஆர்டர்களில் அடிக்கடி பார்க்கலாம். பழைய இரும்புத் தொழிலில் சரக்கே இல்லாமல் பில் மட்டும் விற்பவர்கள் நிறைய என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிகாரி சந்தேகப்பட்டதில் எனக்குக் கோபமில்லை. என் இடத்துக்கு வந்து உலையை ஒரு தடவை பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் உண்டு.

அடுத்து, எந்தக் கதவு என்ற பேச்சு. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அதாவது ஆர்டரையே ரத்து செய்யச் சொல்லி நேராக மனு. போர்ட்டலில் மட்டும் ஏற்றி, ஆள் பார்க்காமலே போட்ட ஆர்டர்களை சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் நிறையவே ரத்து செய்து, பத்து சதவீதமோ அதற்கு மேலோ வரியைக் கட்டச் சொல்லி, மறுபடி விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியிருக்கிறது. நானும் அதைக் கேள்விப்பட்டு, ரிட்தான் வேண்டும் என்றேன். வக்கீலம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "போர்ட்டல்ல போடறதும் சட்டப்படி உங்ககிட்ட சேர்த்த மாதிரிதாங்க. கோர்ட் இரக்கப்பட்டு இன்னொரு வாய்ப்பு தரும். தந்தாலும் கேஸ் திரும்ப அதே அதிகாரிகிட்டதான் போகும். மேல்முறையீடுன்னா புதுசா ஒருத்தர் பார்ப்பார். கெடு தாண்டியிருந்தா நானே உங்களைச் சென்னைக்கு அனுப்பியிருப்பேன். பத்து நாள் இருக்கறப்ப எதுக்கு?" ரிட்டில் அவருக்கு அதிக பீஸ் கிடைத்திருக்கும். அந்த இடத்தில்தான் அவரை நான் நம்பினேன்.

மேல்முறையீடு செய்ய, தகராறில் உள்ள வரியில் பத்து சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். மொத்தத் தொகையில் பத்து சதவீதம் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்து 92,000-க்கு அலைந்தேன். வட்டிக்கும் அபராதத்துக்கும் அது கிடையாது. வரி 4,86,000, எனவே 48,600. முடங்கிய கணக்கிலிருந்து கட்ட வழியில்லை; மனைவியின் கணக்கிலிருந்து செலான் கட்டினோம். அதைக் கட்டி மேல்முறையீட்டைப் போட்டுவிட்டால் மீதி வசூல் நின்றுவிட வேண்டும் என்பது 107(7). அந்தப் பிரிவைக் காட்டித்தான் பேங்க் முடக்கத்தை நீக்கச் சொல்லி அதிகாரிக்குக் கடிதம் கொடுத்தோம். சட்டத்தில் ஒரு வரிதான். நடப்பில் நான்கு நாள் அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. நீக்கல் கடிதம் பேங்க்குக்குப் போய்ச் சேர்ந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்.

தாமதத்துக்கான காரணத்தை எழுதும்போது, உடம்பு சரியில்லை என்று ஒரு மருத்துவச் சான்று வைத்துவிடலாமே என்று நான் கேட்டேன். எல்லோரும் அப்படிச் செய்வதாகக் கேள்வி. வக்கீலம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். போர்ட்டலில் பதிவான மெயில் யாருடையது என்ற பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, ஆடிட்டர் மாறியதற்கான பழைய கடிதத்தையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடியே பிரமாணப் பத்திரமாக எழுதினார். தாமதம் மன்னிக்கப்பட்டது.

இனி ஆதாரம். ஆடிட்டரிடம் பில்லும் பேங்க் ஸ்டேட்மென்டும் இருந்தன. சரக்கு வண்டியோடு வரும் ஈ-வே பில் நகல்கள் பாதி இருந்தன. எடை மேடைச் சீட்டுகள் வெப்பத்தில் அச்சாகும் அந்த மெல்லிய தாள். ஐந்து வருடத்தில் வெள்ளையாக வெளுத்துக் கிடந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சிலவற்றில் எண் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வக்கீலம்மா, "நான் ஒருக்கா உங்க இடத்தைப் பார்க்கலாங்களா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். உலையைப் பார்த்தார், ஸ்கிராப் கொட்டும் இடத்தைப் பார்த்தார். எங்கள் மேஸ்திரியிடம், "ஏங்கண்ணா, உலைக்குள்ள எவ்வளவு போட்டீங்கன்னு எங்கயாவது எழுதுவீங்களா?" என்று கேட்டார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே போய் இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்தார். உள்ளே நீள நோட்டுகள். கரி படிந்து, ஓரம் பொசுங்கி, எண்ணெய்க் கறையோடு. அந்த வருடம் ஆயுதபூஜைக்குச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பர்க்காரனுக்குப் போட வேண்டியது, தப்பியிருந்தது. கணக்குப் புத்தகங்களை அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், கேஸ் நடந்தால் இன்னும் கூட என்பது சட்டம். உலை நோட்டையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது உலையில் ஒரு தடவை உருக்குவதற்கு, மேஸ்திரி ஒரு வரி எழுதுவார். பிக் அயர்ன் 150 கிலோ, ஸ்கிராப் 200, ரிட்டன் (எங்கள் வார்ப்பிலேயே மிஞ்சியது) 150, அப்புறம் சிலிகான் எவ்வளவு, ஊற்றிய நேரம், எந்த வார்ப்பு. ஸ்கிராப்புக்குப் பக்கத்தில் எந்த லோடு என்று ஒரு குறிப்பு: 'குறிச்சி லோடு', கூடவே வண்டி நம்பரின் கடைசி நான்கு எண். எதற்கு வண்டி நம்பர் என்றால், அந்த வியாபாரியின் சரக்கில் மண் அதிகம். உருக்கினால் கசடாகப் போகும். எந்த வண்டிச் சரக்கில் எவ்வளவு கழிவு என்று சண்டை போட மேஸ்திரிக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. '14-12-19. மண் 40 கிலோ கழிச்சது. ஓனரிடம் சொல்லியாச்சு' என்று அவர் கோணல் எழுத்தில் ஒரு வரி.

வக்கீலம்மா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே ஆடிட்டர் பக்கம் திரும்பினார். "இதுக்கு டெபிட் நோட் போட்டீங்களா?" கழிவுக்கான பணத்தைப் பில்லில் குறைத்துக்கொள்ளும் சீட்டு அது. போட்டிருந்தது. டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று. கிலோக் கணக்கு நோட்டில் உள்ளதோடு அப்படியே ஒத்துப்போனது. "போலி பில்லுல மண்ணு இருக்காதுங்க" என்றார்.

எங்களுக்கு மண் என்றாலே எரிச்சல். அன்றைக்கு அதே மண் என் பக்கம் சாட்சி சொன்னது.

மிச்சம் எல்லாம் அதன்மேல் கட்டியது. அந்த மூன்று மாத கரண்ட் பில்லை எடுத்தோம். ஒரு டன் உருக்க எங்கள் உலைக்கு 600 யூனிட்டுக்கு மேல் போகும்; ஓடிய யூனிட்டுக்கும் உருக்கிய டன்னுக்கும் விற்ற வார்ப்புக்கும் கணக்கு ஒத்துப்போனது. குறிச்சி ஸ்கிராப் வரவே இல்லை என்று வைத்துக்கொண்டால் அத்தனை பம்ப் பாடி எதிலிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும். இதை ஒரே பக்க அட்டவணையாக ஆடிட்டர் போட்டுக் கொடுத்தார். நாங்கள் சேர்த்த காகிதம் இருநூறு பக்கத்துக்கு மேல். ஹியரிங்கில் அதிகாரி நின்று வாசித்தது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

அடுத்த கேள்வி: வரி அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா. இதில் ஒரு சின்ன விஷயம், ஆனால் பலருக்குத் தெரியாது. போர்ட்டலில் லாகின் செய்யாமலே யாருடைய ஜிஎஸ்டி நம்பரையும் போட்டு, அவர் எந்த மாத 3பி-யை எந்தத் தேதியில் தாக்கல் செய்தார் என்று பார்க்கலாம். வக்கீலம்மாவின் ஜூனியர் பையன் செல்போனிலேயே பார்த்தான். டிசம்பர் 2019-க்கும் ஜனவரி 2020-க்கும் 3பி 2020 அக்டோபரில் தாக்கலாகியிருந்தது! தாமதம்தான், ஆனால் போட்டிருக்கிறார். பிப்ரவரிக்கு மட்டும் இல்லை. நோட்டீஸ் தயாரித்தவர்கள் பழைய பட்டியலை வைத்துத் தயாரித்திருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. மே மாதமே நோட்டீஸைப் பார்த்து இதை எழுதியிருந்தால் 3,42,000 அப்போதே கழிந்திருக்கும்.

பிப்ரவரிக்கு உரிய 1,44,000-க்கு வக்கீலம்மா சட்ட வாதத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ரப்பர் ஷீட் வாங்கிய ஒரு நிறுவனத்தின் வழக்கில், வாங்கியவரிடம் வரியை வசூலித்துவிட்டுக் கட்டாமல் போன விற்பனையாளர்களை விசாரிக்காமல் வாங்கியவரை மட்டும் பிடிப்பது சரியல்ல என்று ஆர்டரை ரத்து செய்தது. அதையே எங்கள் மேல்முறையீட்டிலும் எழுதினார். எழுதும்போதே என்னிடம் சொல்லிவிட்டார்: "இதைக் கோர்ட் ஏத்துக்கும். மேல்முறையீட்டு அதிகாரி ஏத்துக்கறது கஷ்டம். பிரிவு 16(2)(சி)-யில வரி கட்டப்பட்டிருக்கணும்னு இருக்குங்க, அவர் அதைத் தாண்ட மாட்டார்."

இந்த இடத்தில்தான் எனக்கு நிஜமான சோதனை. 2017-18 முதல் 2019-20 வரையிலான, மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத பிரிவு 73 கேஸ்களுக்கு அரசு ஒரு சலுகை அறிவித்திருந்தது, பிரிவு 128ஏ. 2025 மார்ச் 31-க்குள் வரியை முழுசாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. ஆனால் மேல்முறையீட்டை வாபஸ் வாங்க வேண்டும். பாதிக்கு ஒத்துக்கொண்டு மீதிக்குச் சண்டை போட முடியாது. என் ஆர்டருக்கு அது பொருந்தும்.

மார்ச் மாதத்தில் ஒரு மாலை வக்கீலம்மா ஆர்டர் நகலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். சலுகையை எடுத்தால் 4,86,000, அத்தோடு முடிந்தது. சண்டை போட்டு முழுசாகத் தோற்றால் வட்டி ஏறி ஒன்பதரை லட்சத்தைத் தாண்டும். பிப்ரவரியில் மட்டும் தோற்றால் ஏறக்குறைய மூன்று லட்சம். முழுசாக ஜெயித்தால் ஒன்றுமில்லை. "முழுசா ஜெயிக்கறது நடக்காதுன்னு வெச்சுக்குங்க. மூணு லட்சம் வரும்னு நான் நினைக்கிறேன். ஆனா பணம் உங்களுது, தூக்கமும் உங்களுது. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். காகிதம் இல்லாமல் இருந்திருந்தால் சலுகையை எடுத்திருப்பேன். எனக்குத் தெரிந்த இரண்டு பவுண்டரிக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள், அது தப்பே இல்லை. என் கையில் உலை நோட்டு இருந்தது. அதோடு, உண்மையைச் சொல்வதானால், ஆர்டரில் இருந்த 'சரக்கு வரவில்லை' என்ற அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. சண்டை போடுவதாகச் சொன்னேன்.

ஏப்ரலில் ஹியரிங். நான் நினைத்த மாதிரி கோர்ட் சீன் ஒன்றும் இல்லை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, மேலே ஃபேன். அதிகாரி அட்டவணையை வாசித்தார், நோட்டை வாங்கிப் புரட்டினார். விரலில் கரி ஒட்டியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "இதை எழுதினவர் இன்னும் இருக்காரா?" என்று கேட்டார். மேஸ்திரியின் பிரமாணப் பத்திரம் கோப்பில் இருந்தது. நான் நடுவில் வாயைத் திறந்து, அந்த வியாபாரி எப்படி ஏமாற்றினார் என்று ஆரம்பித்தேன். வக்கீலம்மா மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று வரும் வழியில் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

ஜூனில் ஆர்டர் வந்தது. மூன்று மாதமும் சரக்கு வந்தது உண்மை என்று எழுதியிருந்தார். டிசம்பர், ஜனவரி வரிக் கோரிக்கை நீங்கியது. பிப்ரவரிக்கு வரி அரசுக்கு வராததால் உள்ளீட்டு வரி கிடையாது. வரி 1,44,000, வட்டி 1,36,000 சொச்சம், அபராதம் 20,000. அபராதம் பத்து சதவீதம் என்றால் 14,400-தானே என்று பார்த்தால், மத்திய வரிக்கு ஒன்று, மாநில வரிக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் பத்தாயிரமாம். மொத்தம் ஏறக்குறைய மூன்று லட்சம். வக்கீலம்மாவின் பென்சில் கணக்கு தப்பவில்லை. வக்கீல் செலவு 45,000, ஆடிட்டருக்கு 15,000. சலுகைத் திட்டத்தோடு ஒப்பிட்டால் எனக்கு மிச்சம் ஒன்றேகால் லட்சம். ஆறு மாத அலைச்சலுக்கு இது லாபமா என்று மனைவி கேட்டாள். பணக் கணக்கில் பெரிய லாபம் இல்லை என்றுதான் சொன்னேன்.

இப்போது சில பழக்கங்கள் மாறியிருக்கின்றன. திங்கட்கிழமை காலை டீ குடிக்கும்போது போர்ட்டலின் இரண்டு நோட்டீஸ் மெனுவையும் நானே திறந்து பார்க்கிறேன். எந்த நோட்டீஸுக்குப் பதில் போட்டாலும் நேரில் விசாரணை வேண்டுமா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறிக்காமல் அனுப்ப விடுவதில்லை. எடைச் சீட்டை வந்த அன்றே போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வைக்கிறோம். புது ஸ்கிராப் வியாபாரி என்றால் சரக்குப் பணத்தை உடனே கொடுத்துவிட்டு, வரிப் பணத்தை மட்டும் அவர் 3பி போட்டது போர்ட்டலில் தெரிந்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுகிறேன். இரண்டு பேர் இதற்குக் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் உலோக ஸ்கிராப் வாங்கினால் வரியை வாங்குகிறவரே கட்ட வேண்டும். பதிவு உள்ளவரிடம் இரண்டரை லட்சத்துக்கு மேல் வாங்கினால் இரண்டு சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும் என்று வந்துவிட்டது. அது இன்னொரு தலைவலி. ஆனாலும் இந்தத் தொழிலில் காணாமல் போகிறவர்களுக்குக் கொஞ்சமாவது கடிவாளம்.

பிப்ரவரித் தொகையை ஆட்சேபணையுடன்தான் கட்டியிருக்கிறேன், வட்டி மேலும் ஓடக் கூடாது என்பதற்காக. ஜிஎஸ்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 2025 செப்டம்பரில் தொடங்கி வைத்தார்கள். எங்களைப் போன்ற பழைய ஆர்டர்களுக்கு 2026 ஜூன் 30 வரை நேரம். ரப்பர் ஷீட் தீர்ப்பை அங்கே எடுத்துப் போகலாம் என்கிறார் வக்கீலம்மா. செலவுக் கணக்கைப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்தக் கரி நோட்டு அவர் ஆபீஸ் பீரோவில்தான் இருக்கிறது. போன வாரம் மேஸ்திரி கேட்டார், "என்னுங்க, அந்த நோட்டு எப்ப வரும்? குறிச்சிக்காரன் இன்னும் நாப்பது கிலோ பாக்கிங்க."